செரூட்டும் சிகாரும்: திண்டுக்கல் சுருட்டின் இரண்டு ஆங்கிலப் பெயர்கள்

தமிழில் சுருட்டு என்ற ஒரே பெயரால் வழங்கும் பொருளுக்கு ஆங்கிலத்தில் செரூட், சிகார் என்று இரண்டு பெயர்கள் உள்ளன. புகையிலையைப் புகையிலையாலேயே சுற்றி, பற்றவைத்துப் புகைக்கும் பொருளைத்தான் இரண்டும் குறிக்கின்றன. அகராதிகள் பலவும் செரூட்டுக்குச் சிகார் என்றே பொருள் எழுதுகின்றன. ஆனால் வழக்கில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று தடையின்றி நின்றதில்லை. சுருட்டியவர் யார், வாங்கியவர் யார், முனை எப்படி இருந்தது, எந்தக் கடையில் விற்றது, எந்த வரி விழுந்தது என்பவற்றைப் பொறுத்தே எழுதுவோர் ஒரு சொல்லை எடுத்து மற்றதை விட்டார்கள். அந்தத் தேர்வு எப்படியெல்லாம் நடந்தது என்பதைக் காட்டும் நல்ல சான்று, இரண்டு பெயர்களாலும் விற்கப்பட்ட இலை விளைந்த திண்டுக்கல் சமவெளி.

இலையும் நிலமும்

திண்டுக்கல் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 880 அடி உயரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் சிறுமலை, மேற்கே பழனி மலைத்தொடர். நடுவில் கிடக்கும் செம்மண் சமவெளியில் குடகனாறு வடக்கு நோக்கி ஓடி, வேடசந்தூரைக் கடந்து அமராவதியில் சேர்கிறது. ஆற்றுப் பாசனம் இங்கே குறைவு. கிணறு வெட்டி, கமலை கட்டி இறைத்த தண்ணீரில்தான் நெடுங்காலம் தோட்டப் பயிர் நடந்தது. இறைத்த தண்ணீருக்கு ஈடான பணம் தரும் பயிர் உழவருக்குத் தேவைப்பட்டது. அப்படி வந்து ஊன்றிய பயிர்களில் ஒன்று புகையிலை.

புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் வழியாக இந்தியக் கடற்கரைக்கு வந்து, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உள்நாடு வரை பரவிவிட்டது. 1605ஆம் ஆண்டளவில் அசத் பேக் என்ற தூதர் பிஜப்பூரிலிருந்து அக்பரின் அவைக்கு அதைக் கொண்டுபோனார். 1617இல் ஜஹாங்கீர் அதற்குத் தடை விதிக்கும் அளவுக்குப் பழக்கம் பெருகியிருந்தது. தமிழகத்தில் அது மென்று சுவைக்கவும், மூக்குப்பொடியாகவும், சுருட்டாகவும் பயன்பட்டது.

திண்டுக்கல் வட்டாரத்தில் ஊசிக்கப்பல், கருங்கப்பல் போன்ற நாட்டு வகைகள் சுருட்டுக்கு உகந்தவை என்று பெயர் பெற்றன. ஆவணி, புரட்டாசியில் நாற்றுவிட்டு, மழையை ஒட்டி நட்டு, தை முதல் பங்குனி வரை அறுவடை செய்வார்கள். செடி பூக்கவிடாமல் நுனியைக் கிள்ளி, பக்கத் தளிர்களை ஒடித்துவிட்டால்தான் இலை தடிக்கும், காரம் ஏறும். வெட்டிய செடியை வெயிலிலும் நிழலிலும் மாற்றி மாற்றி உலர்த்தி, பிறகு போராக அடுக்கிப் பாடம் போடுவார்கள். போருக்குள் சூடு ஏறி இலை புழுங்கும். குறித்த நாளில் பிரித்து அடியை மேலாக்கி, மேலை அடியாக்கி அடுக்காவிட்டால் இலை கருகிக் கெடும். கிணற்று நீரின் உப்பும் தரத்தைத் தீர்மானித்தது. உப்பு கூடிய நீரில் விளைந்த இலை சீராக எரியாது. அணைந்து அணைந்து போகும். மெல்லும் புகையிலைக்கு அது குறையல்ல, சுருட்டுக்குப் பெருங்குறை. ஒரே வட்டாரத்தின் இலை சுருட்டுக்கு ஒன்றும் வாய்க்கு ஒன்றுமாகப் பிரிந்ததற்கு இது ஒரு காரணம்.

செரூட்: கடல் கடந்த தமிழ்ச் சொல்

சுருட்டுதல் என்ற வினையிலிருந்து சுருட்டு என்ற பெயர் வந்தது. பாயைச் சுருட்டுவதும் ஓலையைச் சுருட்டுவதும் போல இலையைச் சுருட்டுவது. மலையாளத்தில் சுருட்டு, தெலுங்கில் சுட்ட என்று தென்னகம் முழுவதும் இந்த உறவு தெரிகிறது. கடற்கரையில் வாணிபம் செய்த போர்த்துக்கீசியர் இதைக் கேட்டு ‘சருத்து’ என்ற வடிவில் தங்கள் மொழியில் சேர்த்துக்கொண்டார்கள். இன்றும் போர்த்துக்கீசிய மொழியில் சிகாருக்குப் பொதுப்பெயர் அதுதான். மலாய் மொழியில் ‘செருத்து’, சிங்களத்தில் ‘சுருட்டு’, வங்காளத்திலும் இந்தியிலும் ‘சுருட்’ என்று இச்சொல் கிழக்கெங்கும் ஊன்றியது.

ஆங்கிலேயர் இதைக் கற்றது போர்த்துக்கீசியர் வாயிலாகத்தான். வங்கக் கடல் நாடுகளில் 1669 முதல் 1679 வரை வாணிபம் செய்த தாமஸ் போரி என்ற மாலுமி, சோழமண்டலக் கரையின் ஏழை மக்கள் இலையை அப்படியே சுருட்டி, ஒரு முனையில் நெருப்பு வைத்து, மறுமுனையை உதட்டில் பிடித்துப் புகைப்பதைப் பதிவு செய்திருக்கிறார். போர்த்துக்கீசியர் அதற்கு வழங்கிய பெயரையும் ‘செரூட்டா’ என்று குறித்திருக்கிறார். சிகார் என்ற சொல் ஆங்கிலத்தில் பரவுவதற்கு முன்பே செரூட்டின் மூல வடிவம் இப்படி ஆங்கில எழுத்தில் ஏறிவிட்டது.

சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஆங்கிலப் படைவீரரும் அதிகாரிகளும் வணிகரும் உள்ளூரில் கிடைத்ததைப் புகைத்தார்கள். உள்ளூர்ப் பெயராலேயே அதை அழைத்தார்கள். அவர்கள் பேச்சில் செரூட் என்பது ஒரு தனி வகையின் பெயராக முதலில் இருக்கவில்லை. இலைச் சுருள் எதுவானாலும் செரூட்தான். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. அதன் ஆசிரியர்கள் ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், தென்னக மொழிகளை நன்கு கற்றவர். செரூட் என்றால் சிகார்தான் என்று தொடங்கும் அந்தப் பதிவு, இரு முனையும் தறித்த சிகாருக்கே அச்சொல் இப்போது சிறப்பாக உரியதாகிவிட்டது என்றும், பழைய நாளில் இந்தியச் சுருட்டும் மணிலாச் சுருட்டும் எப்போதும் அப்படியே இருந்தன என்றும் விளக்குகிறது. தமிழ்ச் சொல்லே மூலம் என்பதையும் உறுதி செய்கிறது. பொதுப்பெயராக இருந்த ஒரு சொல் வகைப்பெயராகச் சுருங்கிய கட்டத்தை இப்பதிவு பிடித்துவைத்திருக்கிறது.

சிகார்: ஐரோப்பா வழி வந்த சொல்

சிகார் என்ற சொல் ஸ்பானிய மொழியின் ‘சிகாரோ’விலிருந்து வந்தது. அதன் வேர் மத்திய அமெரிக்காவின் மாயா மொழியில் இருக்கிறது என்பது பெரும்பாலோர் கருத்து. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அங்கங்கே தலைகாட்டிய இச்சொல், 1808 முதல் 1814 வரை ஸ்பெயினிலும் போர்த்துக்கல்லிலும் நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட பிரிட்டிஷ் வீரர்கள் சிகார் பழக்கத்தோடு ஊர் திரும்பியபின் பெருவழக்கானது. கியூபாவின் ஹவானா சிகார் செல்வரின் அடையாளமானது. லண்டன் மனமகிழ் மன்றங்களில் அதற்கென்று அறைகள் வந்தன.

ஆகவே 19ஆம் நூற்றாண்டில் ஒரே பொருளுக்கு இரண்டு ஆங்கிலச் சொற்கள் இரண்டு கடல் வழிகளில் வந்து சந்தித்தன. கிழக்கிலிருந்து வந்தது செரூட். மேற்கிலிருந்து வந்தது சிகார். ஆங்கிலத்தில் இணைச்சொற்கள் பல இப்படித்தான் உண்டாயின. வயலில் மேயும் ஆட்டுக்கு ஆங்கிலேயரின் பழஞ்சொல்லான ‘ஷீப்’பும் விருந்து மேசைக்கு வரும் ஆட்டிறைச்சிக்கு நார்மானியப் பிரபுக்கள் கொண்டுவந்த ‘மட்ட’னும் நிலைத்தன. இரண்டு சொற்கள் ஒரே இடத்துக்குப் போட்டியிடும்போது மொழி ஒன்றைக் கைவிடும், அல்லது இரண்டுக்கும் தனித்தனி வேலை கொடுக்கும். செரூட், சிகார் விஷயத்தில் நடந்தது இரண்டாவது.

சிகாருக்கு இன்னொரு வலுவும் சேர்ந்தது. பிரெஞ்சுக்காரர் சிறு சிகார் என்ற பொருளில் உண்டாக்கிய சிகரெட் என்ற சொல் உலகெங்கும் பரவியது. பின்னர் சிகாரில்லோவும் சேர்ந்தது. செரூட்டுக்கு இப்படிக் கிளைச் சொற்கள் தோன்றவில்லை. குடும்பமாக வளர்ந்த சிகார் பொதுப்பெயராக மேலேறியது. தனியாக நின்ற செரூட் வகைப்பெயராக ஒதுங்கியது. இன்றைய ஆங்கிலத்தில் எல்லாச் செரூட்டும் சிகார். எல்லாச் சிகாரும் செரூட் அல்ல.

திருச்சியின் பெயரும் திண்டுக்கல்லின் இலையும்

பிரிட்டிஷ் உலகில் தமிழ்நாட்டுச் சுருட்டுக்குப் புகழ் தேடித்தந்த பெயர் திண்டுக்கல் அல்ல, திருச்சிராப்பள்ளி. ‘டிரிச்சினோபொலி செரூட்’ என்றும், சுருக்கமாக ‘டிரிச்சி’ என்றும் அது வழங்கியது. உறையூரிலும் சுற்றுப்புறத்திலும் சுருட்டுத் தொழில் செழித்தது. ஆனால் அதற்கான இலையில் பெரும்பங்கு திண்டுக்கல் வட்டாரத்திலிருந்து போனது. விளைந்த இடத்தின் பெயர் மறைந்து, சுருட்டி விற்ற இடத்தின் பெயர் நிலைத்தது.

ஹாப்சன்-ஜாப்சன் டிரிச்சிக்குத் தனிப் பதிவே தருகிறது. நீளமானது, முரட்டு வேலைப்பாடு கொண்டது, வாயில் வைக்கும் முனையில் ஒரு வைக்கோல் தண்டு செருகியது, விலை மலிவு, பழகியவர்களுக்கு மிகவும் பிடித்தது என்று அதன் உருவத்தை வரைகிறது. தெலுங்கு அகராதி தந்த சி. பி. பிரவுன், செரூட் என்ற சொல்லே திருச்சிராப்பள்ளி என்ற ஊர்ப்பெயரின் ஒரு வடிவிலிருந்து வந்தது என்று கருதியிருந்தார். அது முற்றிலும் தவறு என்று அந்தப் பதிவு மறுக்கிறது. ஊரும் பொருளும் அறிஞர் ஒருவரே மயங்கும் அளவுக்கு ஒட்டிப்போயிருந்தன.

ஆர்தர் கானன் டாயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையான ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’டில் கொலையாளி புகைத்தது டிரிச்சினோபொலி சிகார் என்று சாம்பலை வைத்தே துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். இங்கே ஆசிரியர் செரூட் என்று எழுதவில்லை. லண்டன் வாசகருக்குச் சிகார் என்பது பொதுப்பெயர். எந்த வகை என்பதை ஊர்ப்பெயர் சொல்லிவிடும். மூன்றாண்டுகள் கழித்து ருட்யார்ட் கிப்ளிங் பர்மாவைப் பற்றி எழுதிய ‘மாண்டலே’ கவிதையில் வரும் பெண் புகைப்பது செரூட். கிழக்கு நாட்டுப் படைவீரன் ஒருவனின் வாய்மொழியாக அமைந்த பாட்டு அது. அவன் வாயில் வரக்கூடிய சொல் அதுதான். ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுதிய இருவரும் யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்பதை வைத்தே சொல்லைத் தேர்ந்தார்கள்.

கொட்டகையும் தொழிற்சாலையும்

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது. கோட்டையில் தங்கிய படைகள் சுருட்டுக்கு ஒரு சந்தையாக அமைந்தன. ஆனால் தொழிலை மாற்றியது ரயில். 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போடப்பட்ட இருப்புப் பாதை திண்டுக்கல் வழியாகச் சென்றது. இலையை வண்டியேற்றித் திருச்சிக்கு அனுப்பிய ஊர், சரக்கைத் தானே தயாரித்து நேராகச் சென்னைக்கும் துறைமுகங்களுக்கும் அனுப்ப வழி பிறந்தது. தோல் பதனிடும் தொழிலோடு சுருட்டுத் தொழிலும் நகரத்தின் அடையாளமானது. 1901 கணக்கெடுப்பில் 25,182 பேர் வாழ்ந்த ஊரில் உள்ளூர் முதலாளிகளின் சுருட்டுக் கொட்டகைகளும், ஐரோப்பிய முறையில் நடத்தப்பட்ட தொழிற்சாலையும் அருகருகே இயங்கின.

அந்தத் தொழிற்சாலை, 1863இல் சென்னை மவுண்ட் ரோடில் தொடங்கிய ஸ்பென்சர் நிறுவனத்துடையது. அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர் அதிகாரிகள், தோட்ட முதலாளிகள், கிளப்புகள், ரயில் பயணிகள். ஹவானா, மணிலாச் சரக்கு இருக்கும் அதே அலமாரியில் திண்டுக்கல் சரக்கையும் வைத்து விற்க வேண்டும். அதற்குரிய சொல் சிகார். படை முகாம்களையும் சாலையோரக் கடைகளையும் நம்பி விற்கும் சரக்குக்குச் செரூட் போதுமானதாக இருந்தது.

வேறுபாடு பெயரில் மட்டும் இல்லை; கைவேலையிலும் இருந்தது. செரூட் செய்பவர் ஈரச் சாக்கில் மூடிவைத்த இலையை எடுத்து, நடு நரம்பை ஒரே இழுப்பில் உரித்தெடுப்பார். துண்டு இலைகளை நீளவாக்கில் அடுக்கிப் பிடித்து ஓர் இலையில் உருட்டுவார். அதன்மேல் நல்ல இலையிலிருந்து சாய்வாக வெட்டிய பட்டையை, ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறும்படி சுற்றி, பசையால் ஒட்டி, இரு முனையையும் கத்தரிக்கோலால் நறுக்குவார். தலை எது, அடி எது என்ற வேறுபாடு இல்லை. எந்த முனையிலும் பற்றவைக்கலாம். தனிக் கருவி எதுவும் வேண்டாம் என்பதால் வீட்டுத் திண்ணையிலும் இதைச் செய்ய முடிந்தது.

சிகாரில் வேலை கூடுதல். உள்ளே வைக்கும் இலை, அதைப் பிடித்துக் கட்டும் இலை, வெளியே தெரியும் மேலிலை என்று மூன்றும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கப்படும். உருட்டியதை மர அச்சில் இட்டு அழுத்தி ஒரே அளவுக்குக் கொண்டுவருவார்கள். வாயில் வைக்கும் தலைப்பக்கத்தை இலைத் துணுக்கால் மூடி மழமழப்பாக்குவார்கள். புகைப்பவர் அந்த மூடியை வெட்டிவிட்டே புகைக்க வேண்டும். மேலிலை மெல்லியதாகவும் நிறம் சீராகவும் நரம்பு எடுப்பாகத் தெரியாமலும் இருக்க வேண்டும். திண்டுக்கல் இலை உள்ளே வைப்பதற்குச் சிறந்தது. மேலுக்கு அவ்வளவு நயமில்லை. அதனால் ஜாவா, சுமத்ரா இலையை வரவழைத்து மேலே சுற்றினார்கள். பிற்காலத்தில் வங்காளத்தின் கூச் பிகார் பகுதியில் மேலிலைப் புகையிலை பயிரிடப்பட்டது. சிகார் பெட்டியில் அடுக்கப்பட்டு முத்திரையோடு போனது. செரூட் கட்டாகக் கட்டப்பட்டுப் போனது.

இப்படிப் பார்த்தால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திண்டுக்கல்லில் இரண்டு சொற்களும் இரண்டு பொருள்களைச் சரியாகவே குறித்தன. இரு முனையும் திறந்து, உள்ளூர் இலையாலேயே ஆனது செரூட். தலை மூடி, அயல் இலை போர்த்து, பெட்டியில் அடங்கியது சிகார். ஆனால் விளம்பரத்தில் இந்த எல்லை காக்கப்படவில்லை. மதிப்பைக் கூட்ட விரும்பிய விற்பனையாளர் செரூட்டையும் சிகார் என்றே எழுதினார். கீழைநாட்டு மணத்தைக் காட்ட விரும்பிய ஆங்கில எழுத்தாளர் சிகாரையும் செரூட் என்று எழுதினார். இரண்டும் ஒரே பொருள் என்ற எண்ணம் வலுப்பட்டது இந்தக் கலப்பினால்தான்.

சட்டத்தில் இரண்டு சொற்கள்

சொல்லைத் தேர்வதில் எழுத்தாளருக்கு உள்ள உரிமை சட்டம் எழுதுபவருக்கு இல்லை. ஒரு சொல்லை மட்டும் எழுதினால், தன் சரக்கு மற்றதில் சேரும் என்று சொல்லி வரியிலிருந்து தப்பிக்க வழி உண்டாகும். 1943இல் இந்தியாவில் புகையிலைக்குக் கலால் வரி வந்தது; அடுத்த ஆண்டு அது மத்திய கலால், உப்புச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. அதன் அட்டவணை ‘சிகார்களும் செரூட்டுகளும்’ என்று இரண்டையும் சேர்த்தே எழுதியது. வரியைப் பெயரால் பிரிக்காமல் விலையால் பிரித்தது. விலை ஏற ஏற வரி ஏறும். எந்தப் பெயரில் விற்றாலும் ஒன்றே. திண்டுக்கல் கொட்டகையின் மலிவுச் சரக்குக்கும் பெட்டிச் சிகாருக்கும் சுமை ஒன்றாகிவிடாமல் காத்தது இந்த ஏற்பாடு.

பின்னர் வந்த சட்டங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் போயின. 1966ஆம் ஆண்டில் பீடி, சிகார் தொழிலாளரின் வேலை நிலைமைகளுக்கான சட்டம் நிறைவேறியது. வேலை நேரம், விடுப்பு, வீட்டிலிருந்தே சுருட்டுவோருக்கான பாதுகாப்பு ஆகியவற்றைப் பேசிய அந்தச் சட்டத்தின் தலைப்பில் செரூட் இல்லை. சிகார்தான் பொதுப்பெயராக நின்றது. தமிழில் அதே சட்டம் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் என்று வழங்கியது. 2003ஆம் ஆண்டின் சிகரெட், பிற புகையிலைப் பொருள்கள் சட்டமோ தன் அட்டவணையில் சிகாருக்கு ஓர் எண்ணும் செரூட்டுக்கு வேறோர் எண்ணும் தருகிறது. உலக நாடுகள் 1988 முதல் பின்பற்றும் சுங்கப் பட்டியலின் 2402ஆம் தலைப்பு சிகார், செரூட், சிகாரில்லோ, சிகரெட் என்று நான்கையும் வரிசையாகச் சொல்கிறது. அதையொட்டிய இந்தியப் பட்டியல் சிகாரையும் செரூட்டையும் ஒரே உட்பிரிவில் சேர்த்து, சிகாரில்லோவைத் தனியே பிரிக்கிறது.

ஒரே நாட்டின் சட்டங்களிலேயே இரண்டும் ஒரு முறை இணைந்தும், ஒரு முறை பிரிந்தும், ஒரு முறை ஒன்றுக்குள் ஒன்று அடங்கியும் வருகின்றன. இது கவனக்குறைவு அல்ல. வரி வாங்கும் சட்டத்துக்கு இரண்டும் ஒரே சரக்கு. உடல்நலம் காக்கும் சட்டம் ஒன்றுகூட விடுபடக் கூடாது என்று தனித்தனியே எண்ணுகிறது. தொழிலாளர் சட்டத்துக்குச் சுருட்டும் கைதான் முக்கியம். சரக்கின் வகை முக்கியமல்ல. எந்தச் சொல் பொருத்தம் என்பது எதற்காக எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வேடசந்தூர் நிலையம்

இந்திய மத்தியப் புகையிலைக் குழு 1948இல் வேடசந்தூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியது. ‘சிகார், செரூட் புகையிலை ஆராய்ச்சி நிலையம்’ என்பது அதன் பெயர். ஆந்திரத்தின் ராஜமுந்திரியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளையாக அது இருந்தது. திண்டுக்கல் சமவெளியின் புகையிலை இரண்டு வகைச் சுருட்டுக்கும் உரியது என்பதை அரசே எழுதிவைத்த பெயர் அது. இரண்டும் முழுக்க ஒன்றுதான் என்று கருதியிருந்தால் ஒரு சொல் போதுமாக இருந்திருக்கும். உழவியல் நோக்கில் இரண்டுக்கும் வேறு இலை வேண்டும்: சிகாரின் உள்ளிலை மணமும் மென்மையும் உடையதாக, சாம்பல் உதிராமல் வெண்மையாக எரிய வேண்டும், செரூட்டுக்குக் காரம் வேண்டும், தடித்த இலையும் ஏற்கும். ஆராய்ச்சியாளர்கள் இரண்டு சொற்களையும் வைத்துக்கொண்டதற்கு இதுவே காரணம்.

காலம் மாறியபோது அந்தப் பெயர் பயிரைவிட்டு விலகியது. சிகரெட்டும் பீடியும் சுருட்டின் இடத்தைப் பிடித்தன. பிரிட்டிஷ் அதிகாரிகளும் அவர்களது மன்றங்களும் போனபின் பெட்டிச் சிகாருக்கு உள்நாட்டுச் சந்தை மெலிந்தது. திண்டுக்கல் உழவர்கள் மெல்லும் புகையிலைக்கு மாறினார்கள். அபிராமி, மீனாட்சி, பாக்கியலட்சுமி என்று வேடசந்தூர் நிலையம் பின்னாளில் தந்த வகைகள் மெல்லும் புகையிலை வகைகளே. திண்டுக்கல் புகையிலை என்றால் இன்று தமிழ்நாட்டில் பலருக்கு நினைவுக்கு வருவது சுருட்டு அல்ல, வெற்றிலை பாக்கோடு போடும் ‘அங்குவிலாஸ்’ போன்ற போயிலைப் பொட்டலம்.

ஊர் வழக்கில் ஒரே சொல்

ஆங்கிலத்தில் இத்தனை மாற்றம் நடந்தபோதும் தமிழ்ப் பேச்சில் சொல் மாறவில்லை. கொட்டகையில் செய்ததும் சுருட்டு, தொழிற்சாலையில் செய்ததும் சுருட்டு. வேறுபாடு காட்ட வேண்டிய இடத்தில் அடைமொழி சேர்ந்தது: திருச்சிச் சுருட்டு, பர்மாச் சுருட்டு, யாழ்ப்பாணச் சுருட்டு. இலங்கையின் வடபகுதியில் விளைந்த இலையால் செய்த யாழ்ப்பாணச் சுருட்டு தென்னிலங்கைச் சிங்கள ஊர்களிலெல்லாம் பெரிய அளவில் விற்றது.

வழிபாட்டில் சுருட்டுக்கு நிலைத்த இடம் உண்டு. திண்டுக்கல், மதுரை வட்டாரச் சிற்றூர்களில் கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் படையல் போடும்போது இலையில் சோறு, கறி, சாராயம் ஆகியவற்றோடு சுருட்டும் இடம்பெறும். சில கோயில்களில் பற்றவைத்தே வைப்பார்கள். சாமி வந்து ஆடுபவர் சுருட்டை வாங்கிப் புகைத்துக் குறி சொல்வதும் உண்டு. இதை ஆங்கிலத்தில் எழுதுபவர் சிகார் என்று எழுதினால் காட்சி மாறிவிடும். பெட்டியும் தங்க நிறப் பட்டையும் வெட்டுக் கருவியும் வாசகர் மனத்தில் வந்து நிற்கும். செரூட் என்று எழுதும்போது கையால் சுருட்டிய, இரு முனையும் திறந்த, ஊர்க்கடையில் வாங்கிய பொருள் கண்ணுக்குத் தெரிகிறது. பொருள் ஒன்றே என்று அகராதி சொன்னாலும் சூழலைச் சொல் தன்னோடு இழுத்துக்கொண்டு வருகிறது.

தமிழ் மரபு இந்த நுட்பத்தை நன்றாக அறியும். திவாகரம் முதலான நிகண்டுகள் ஒரு பொருள் குறித்த பல சொற்களை ஒரே இடத்தில் தொகுத்தன. மதுரை மிஷன் பணியில் வாழ்ந்த வீரமாமுனிவர் 1732இல் முடித்த சதுரகராதி, பெயரகராதிக்குப் பக்கத்தில் பொருளகராதி என்று ஒரு பகுதியை அதற்கென்றே வைத்தது. ஆங்கிலத்தில் ரோஜே தம் இணைச்சொல் களஞ்சியத்தை வெளியிட்டது 1852இல். இவை எல்லாம் சொற்களைச் சேர்த்துத் தருபவை. அவற்றில் ஒன்றைத் தேர்வது பயன்படுத்துவோர் வேலை. அதற்கு அந்தச் சொல் நடந்துவந்த வழியைத் தெரிந்திருக்க வேண்டும்.

எதை எங்கே எழுதுவது

திண்டுக்கல் வரலாற்றிலிருந்து கிடைக்கும் முறை எளிமையானது. தமிழ்நாட்டின் கைச்சுருட்டை, இரு முனையும் திறந்ததை, ஊர்ச் சந்தைக்கும் வழிபாட்டுக்கும் உரியதைச் சொல்லும்போது ஆங்கிலத்தில் செரூட் சரியான சொல். தலை மூடிய, மேலிலை போர்த்திய, பெட்டியில் ஏற்றுமதியான தொழிற்சாலைச் சரக்கைச் சொல்லும்போது சிகார் சரியான சொல். 18ஆம் நூற்றாண்டு, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி ஆவணங்களில் செரூட் என்று வந்தால் அது பொதுப்பெயர் என்று கொள்ள வேண்டும்; வடிவத்தை அதிலிருந்து முடிவு செய்யக் கூடாது. 1880களுக்குப் பிந்தைய விளம்பரங்களில் சிகார் என்று வந்தால் அது மதிப்புக்காக இட்ட பெயராகவும் இருக்கலாம். பொருளின் வடிவத்தை வேறு சான்றால் சரிபார்க்க வேண்டும். சட்டத்தை மொழிபெயர்ப்பவர் இரண்டையும் சுருட்டு என்று ஒன்றாக்கிவிடாமல், மூலத்தில் இரண்டு இருந்தால் சிகார், சுருட்டு என்று இரண்டாகவே தர வேண்டும்.

புகைப்பவரின் உடலுக்கு இரண்டும் செய்யும் கேடு ஒன்றே. அதில் பெயரால் வேறுபாடு இல்லை. ஆனால் இந்த ஊரின் உழைப்பை ஆங்கிலத்தில் எழுதுவோர் இரண்டில் ஒன்றைக் கைபோன போக்கில் எடுக்கக் கூடாது. செரூட் தமிழிலிருந்து ஆங்கிலம் பெற்ற சொல். தமிழ்நாட்டுச் சுருட்டைக் குறிக்க அதற்கே முதல் உரிமை உண்டு.